கொட்டிலில் கிடந்த ஹூட் காரை மறுபடி வீதிக்குக் கொண்டுவருவது எப்படி

இரண்டு கிழமைக்கு முன் மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தான். அவனுடைய அம்மப்பாவின் மொறிஸ் மைனர், ஹூட் (துணிக் கூரை) மடக்கிற வகை, மீள்குடியேறின காலத்தில் வவுனியாவிலிருந்து கட்டி இழுத்து வந்து விட்டது, அன்றிலிருந்து வைக்கோல் கொட்டிலிலேயே நிற்கிறதாம். "அண்ணை, புதுப் பற்றரி வாங்கீட்டன், பின்னேரம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கப்போறன்" என்றான். பற்றரியைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டு முதலில் காருக்குக் கீழே படுத்துப் பார் என்று சொன்னேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இப்படி நிற்கிற கார்களைப் பற்றி மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள்.

என்னுடையது பெரியப்பாவின் கார். 19 வருடம் ஒரு கொட்டிலில் நின்றது, வீதிக்கு வர இரண்டரை வருடம் எடுத்தது. அதில் ஆறு மாதம் நான் செய்த ஒரு பிழையைத் திருத்தப் போனது, அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்துதான் உடம்பைத் தாங்குகிறது. ஹூட் காரில் கூரை என்பது துணி. ஆகவே பாரம் முழுவதையும் கதவுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் ஓடுகிற பெட்டி போன்ற தகடுதான் தாங்குகிறது. நான் அதைப் படிப்பெட்டி என்று எழுதுகிறேன். அது கறள் பிடித்துப் போயிருந்தால் எஞ்சின் எவ்வளவு அழகாக ஓடினாலும் அது கார் இல்லை. அதனால்தான் வேலை கீழிருந்து மேலே போகவேண்டும்: படிப்பெட்டி, பிறேக், பெற்றோல் ராங்கி, எஞ்சின், வயர், பெயின்ற், கடைசியாக ஹூட். எங்கள் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்துதான் காசைக் கரைக்கிறார்கள்.

காரைத் தொட முதல்

கார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வீட்டுக் கொட்டிலில் என்றால் சரி. பற்றைக்குள், கைவிடப்பட்ட காணிக்குள், பழைய பங்கர் பக்கத்தில் என்றால் போகவே வேண்டாம். வன்னியில் வெடிபொருள் இன்னும் எல்லா இடத்திலும் எடுத்து முடியவில்லை. கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவித்து, காணி துப்புரவானது என்று தெரிந்த பிறகுதான் கத்தியை எடுத்துப் பற்றையை வெட்டவேண்டும். காரின் டிக்கியையும் ஆசனத்துக்குக் கீழேயும் பார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும், அடையாளம் தெரியாத இரும்பு எதுவும் கிடந்தால் கை வைக்காமல் வெளியே வாருங்கள்.

அடுத்தது காகிதம். பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது, கையில் இருக்கிறதா, இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதா? புத்தகத்தில் உள்ள செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் காரோடு ஒத்துப் பாருங்கள். மைனரில் செசி நம்பர்த் தகடு பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்சுவரில் இருக்கும், எஞ்சின் நம்பர் எஞ்சின் கட்டையிலேயே அறைந்த சிறு தகட்டில் இருக்கும். இடையில் யாராவது யப்பான் எஞ்சின் மாற்றியிருந்தால் நம்பர் ஒத்துவராது, அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிசெய்யாமல் பிரதேச செயலகத்தில் வருமானப் பத்திரம் எடுக்கப் போய் நிற்கவேண்டாம். இந்த வேலை மெல்ல நகரும், ஆகவே முதல் நாளே தொடங்குங்கள். கார் ஆயத்தமாகும்போது காகிதமும் ஆயத்தமாகிவிடும்.

அந்தத் தகட்டில் இன்னொரு பயனும் உண்டு. கூரையை வெட்டி ஹூட் கார் ஆக்கிய மைனர்கள் இருக்கின்றன. 1950களின் பிற்பகுதிக்குப் பிந்திய உண்மையான ஹூட் கார் என்றால் செசி நம்பர் எம்.ஏ.ரி. (MAT) என்ற எழுத்துகளோடு தொடங்கும். வெட்டிய கார் என்றால் கம்பனி போட்ட மேலதிகப் பலத்தகடுகள் படிப்பெட்டியிலும் டாஷ்போட்டுக்குக் கீழ் மூலைகளிலும் இருக்காது. அப்படிப்பட்ட காரை வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வேன், வீட்டுக் கார் என்றால் அந்தப் பலத்தகடுகளைப் போட்டுத்தான் ஓட்டவேண்டும்.

உங்களிடம் நிற்பது எந்தக் காலத்து மைனர் என்பதும் தெரியவேண்டும், இல்லாவிட்டால் சாமான் பிழையாக வாங்குவீர்கள். 1948இல் வந்த முதல் மைனரில் 918 சிசி பக்கவால்வு எஞ்சின். 1952இலிருந்து 803 சிசி, 1956இலிருந்து 948 சிசி, 1962இலிருந்து 1098 சிசி. முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு துண்டு என்றால் 1956க்கு முந்தியது. ஹூட் வகையை 1969இல் நிறுத்திவிட்டார்கள்.

கொட்டிலிலிருந்து வெளியே எடுத்தல்

உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து பம்பரில் கயிறு கட்டி ஒரே இழுவையாக இழுக்காதீர்கள். பிறேக் லைனிங் டிறம்மோடு ஒட்டியிருக்கும், சில்லு உருளாது, கறள் பிடித்த உடம்பு நடுவால் மடியும்.

முதலில் ஒரு தடியால் எல்லா இடமும் தட்டுங்கள். ஆசனத்துக்குக் கீழ், பொனற்றுக்குள், மடித்துக்கிடக்கிற ஹூட்டுக்குள். என்னுடைய காரின் ஹூட் மடிப்புக்குள் ஒரு பாம்புச் செட்டை முழுசாகக் கிடந்தது. குளவிக்கூடும் இருக்கலாம். எலிக்கூடு கட்டாயம் இருக்கும், எலிக்காய்ச்சல் நினைவிருக்கட்டும், கையுறையும் முகக்கவசமும் போட்டு, புளீச்சிங் கரைத்த தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள், காய்ந்த தூசியாக விளக்குமாற்றால் கூட்டவேண்டாம்.

பிறகு ரயர்களுக்குக் காற்று அடியுங்கள், கொஞ்ச நேரமாவது நின்றுபிடிக்கும். ஹாண்ட்பிறேக்கை இறக்குங்கள். சில்லு இறுகியிருந்தால் சில்லைக் கழற்றி, டிறம்மில் உள்ள சிறு துவாரத்தால் ஸ்குறூ டிறைவரை விட்டு அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிறம்மின் விளிம்பைச் சுற்றி மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஒரு நாளில் வராது, எண்ணெய் விட்டுவிட்டு அடுத்தநாள் வாருங்கள்.

ஜக் வைக்கிற இடம் முக்கியம். படிப்பெட்டிக்கு அருகில் உள்ள ஜக் துவாரத்தை நம்பவேண்டாம், ஜக் மேலே போகும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும், தகடு மட்டும் கிழியும். பின்னால் அச்சுக்குக் கீழும் முன்னால் குறுக்குச் சட்டத்துக்குக் கீழும் வையுங்கள். தூக்கியதும் முண்டு கொடுக்கச் சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம். அது வெடிக்குமுன் சொல்லாது. எங்களிடம் முதிரை, பாலை என்று கல்லுமாதிரி மரம் இருக்கிறது, பழைய வீட்டு வளையில் ஒன்றரை அடித் துண்டாக நான்கு வெட்டி எடுத்தால் அதுதான் உங்கள் முண்டு. காருக்குக் கீழே படுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒருதரம் உடம்பை அசைத்துப் பார்த்துவிட்டே படுங்கள்.

படிப்பெட்டி

இந்தப் பகுதியைத்தான் நிதானமாக வாசிக்கச் சொல்கிறேன்.

காரை நான்கு சில்லிலும் சமதரையில் நிறுத்துங்கள். கதவை மூடி, கதவுக்கும் பின் உடம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலிருந்து கீழே பாருங்கள். நான் ஒரு ஐந்து ரூபாக் குற்றியை எடுத்து அந்த இடைவெளியில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பேன். நல்ல காரில் குற்றி ஒரே தளர்வாகக் கீழ்வரை வரும். பெரியப்பாவின் காரில் மேலே நுழையவே இல்லை, கைப்பிடி மட்டத்தில்தான் நுழைந்தது, அடியில் என் சுண்டுவிரலே போனது. அதன் பொருள், படிப்பெட்டி தளர்ந்து கார் நடுவில் தொய்கிறது, மேல்பக்கம் இரண்டும் நெருங்கி வருகிறது. கதவைத் திறந்துவிட்டு முன்பக்கத்தை ஜக்கால் மெல்லத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், கதவு திரும்ப மூட வராது.

அடுத்தது குத்திப் பார்ப்பது. பழைய ஸ்குறூ டிறைவர் ஒன்றை எடுத்துப் படிப்பெட்டியின் கீழ்விளிம்பு, தரைத்தகடு அதோடு சேரும் மூலை, பின் வில்தகடு மாட்டுகிற இடம், முன் குறுக்குச் சட்டத்தின் இரண்டு நுனி, இவற்றில் அழுத்திக் குத்துங்கள். டொங் என்று இரும்புச் சத்தம் வந்தால் நல்லது. மக்கிய மரத்தில் குத்தினதுபோல உள்ளே போனால் அங்கே தகடு இல்லை. பெயின்ற் அழகாக இருக்கிற இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் கீழே பட்டி.

இனி என் பிழை. தெரிந்த ஒரு வெல்டிங் கடையில் காரை விட்டேன். அவர்கள் கேற் செய்வதில் கெட்டிக்காரர்கள். இரண்டு பக்கப் படிப்பெட்டியையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பொருத்தினார்கள், காரை நடுவில் மட்டும் முண்டு கொடுத்து வைத்திருந்தார்கள். ஒட்டு ஒவ்வொன்றும் பார்க்க நன்றாக இருந்தது. கதவை மாட்டினால் எட்டு மில்லிமீற்றர் இடிக்கிறது. அந்த வளைவோடேயே ஒட்டி முடித்துவிட்டார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியது நான், எனக்கே அப்போது தெரியாது. முழுவதையும் திரும்ப வெட்டி எடுத்தோம்.

சரியான முறை இதுதான். வெட்டமுன் கதவைக் கழற்றி, கதவு வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்காக ஒன்றரை அங்குல அங்கிள் இரும்பை மேலே ஒன்று, நடுவில் ஒன்று, மூலைவாட்டாக ஒன்று என்று தற்காலிகமாக ஒட்டுங்கள். ஒட்டமுன் கதவைத் திரும்ப வைத்து, குற்றி ஒரே சீராக வருமட்டும் ஜக்கால் உடம்பை நேராக்குங்கள், அந்த நிலையில் பூட்டுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். அந்தப் பக்கத்தில் உள் தகடு, பலத்தகடு, வெளித் தகடு மூன்றும் ஒட்டி முடிந்த பிறகே மற்றப் பக்கத்தில் கை வைக்கவேண்டும். பலத்தகடு உள்ளே மறைந்து இருப்பதால் 'இது தேவையில்லை' என்று விட்டுவிடச் சொல்வார்கள். ஹூட் காரில் அதுதான் முதல் தேவை. ஒட்டும்போது வெப்பத்தில் தகடு இழுக்கும், ஆகவே நீளமாக ஒரே இழுவையில் ஒட்டாமல் இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று மாறிமாறி ஒட்டச் சொல்லுங்கள், இரண்டு மூன்று ஒட்டுக்கு ஒருதரம் கதவை வைத்துப் பாருங்கள். நீங்களே பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

வெல்டிங் தொடங்கமுன் பெற்றோல் ராங்கி காரில் இருக்கக்கூடாது. வெறும் ராங்கி நிறைந்த ராங்கியைவிட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். ஓட்டை ராங்கியை எந்தக் காரணத்துக்காகவும் தெருவோர வெல்டிங் கடையில் கொடுக்கவேண்டாம்.

மைனருக்கான தகடு கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்கும். 1990களில் இலங்கையின் தெற்கிலேயே மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இப்போதும் இங்கிலாந்தில் புதுத் தகடு வருகிறது, ஆனால் அனுப்புகூலி பாரம். படிப்பெட்டி நேர்த்தகடுதான், மடிக்கிற இயந்திரம் உள்ள பட்டறையில் பழைய துண்டைக் காட்டி அதே கனத்தில் மடித்து எடுக்கலாம். சில்லறைச் சாமான்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள், பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறு ஒன்றைத் தருவார்கள்.

பிறேக்கும் முன்சில்லும்

பிறேக்கில் பழையது எதையும் கழுவிப் போடவேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர்கள், மூன்று றப்பர்க் குழாய், கறள் பிடித்த இரும்புக் குழாய்கள், எல்லாம் புதிது. மைனரில் பிறேக் ஒரே சுற்று, ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது, எண்ணெய் விடுகிற மூடியே கம்பளத்துக்குக் கீழேதான். அதனால்தான் யாரும் திறந்து பார்க்காமல் வருடக்கணக்காக ஓடியிருப்பார்கள். கழற்ற ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், ரோர்ஷன் பார் (முன்சில்லுக்கு வில்லாக வேலைசெய்கிற முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும், அவசரப்பட்டு அடித்தால் சட்டம் பழுதாகும்.

டொட் 3 அல்லது 4 பிறேக் எண்ணெய் மட்டும் விடுங்கள். ஒருதரம் கூட எஞ்சின் ஒயிலோ வேறு எண்ணெயோ அதற்குள் போகக்கூடாது, றப்பர் எல்லாம் ஊதிவிடும். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான இடது பின்சில்லில் தொடங்கி, கிட்ட வந்து முடியுங்கள்.

முன்சில்லில் கீழ் ட்ரனியனைக் கட்டாயம் பாருங்கள். சில்லு திரும்புகிற தண்டின் அடியில் மரைபோட்ட துண்டு அது. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் மெல்லமாகத் திரும்பும்போதோ பின்னுக்கு எடுக்கும்போதோ தண்டு கழன்று சில்லு மடிந்து மக்காட்டுக்குள் படுத்துவிடும். மைனருக்கு இது உலகம் முழுவதும் தெரிந்த வருத்தம். சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள், அசைவு இருந்தால் மாற்றுங்கள். பிறகு 1500 கிலோமீற்றருக்கு ஒருதரம், தூசி வீதி என்றால் அதற்கு முன்னரே, பாரத்தை எடுத்துவிட்டுக் கிறீஸ் அடியுங்கள்.

ரயர் பள்ளம் நிறைய இருக்கிறது என்று பழையதை ஓட்டவேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருடம். பத்து வருடத்தைத் தாண்டினது, அப்படி இலக்கமே இல்லாத மிகப் பழையது, இரண்டையும் எறிந்துவிடுங்கள்.

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

1990களில் பெற்றோல் தடைக்காலத்தில் இங்கே ஓடிய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் அந்தக் காலத்தில் எத்தனை நோயாளியை, எத்தனை குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கார்களை இரும்புக் கடைக்கு நிறுத்துப் போடவேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் அதன் விலை எஞ்சினுக்குள் இருக்கிறது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் பக்கத்தால் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீராகும், பெயாறிங் தேயும், வால்விலும் பிஸ்ரன் தலையிலும் கரி கட்டியாக நிற்கும். ஆகவே பழைய ஒயிலை இறக்கும்போது ஒரு துணியில் விட்டு மணந்து பாருங்கள், விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் மணந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இக்னிஷன் ரைமிங்கையும் மண்ணெண்ணெய்க்கு ஏற்றபடி தள்ளி வைத்திருக்கலாம், பெற்றோலுக்கு அதைத் திரும்ப வைக்கவேண்டும்.

சரி, சுழற்றுவது எப்படி? நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் இரண்டு மேசைக்கரண்டி கியர் எண்ணெயும் டீசலும் கலந்து விடுங்கள். மூன்று நாள், இறுகியிருந்தால் இரண்டு கிழமை, ஊறவிடுங்கள். பிறகு ஸ்டார்ட்டர் இல்லை, முன்னால் போடுகிற ஹாண்டில். மைனரில் அதற்கென்றே துவாரம் உண்டு. கையால் சுழற்றினால் எங்கே தடை இருக்கிறது என்று கை சொல்லும், ஸ்டார்ட்டர் அதைக் கேட்காமல் உடைக்கும். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு ஒருவர் சுழற்ற ஒருவர் பாருங்கள், எட்டு வால்வும் கீழே போய்த் திரும்ப மேலே வரவேண்டும். கீழே போனது வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், எண்ணெய் விட்டு ஊறவைத்து மெல்லத் தட்டி எடுங்கள், விடாமல் சுழற்றினால் வால்வைத் தள்ளுகிற கம்பியான புஷ்றொட் வளையும்.

ஒயிலையும் பில்ரரையும் மாற்றுங்கள், மூன்றரை லீற்றரும் கொஞ்சமும் பிடிக்கும், 20–50 ஒயில் போதும். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்க 0.30 மி.மீ., பிளக் இடைவெளி 0.64 மி.மீ., பொயின்ற் 0.38 மி.மீ. அளவில். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒயில் விளக்கு அணைந்த பிறகே பிளக்கைப் போடுங்கள். அதற்கு முன் ஒருதரமும் பற்றவைக்கவேண்டாம்.

பழைய பெற்றோல் ராங்கிக்குள் வார்னிஷ்போலக் கட்டியாகியிருக்கும். ராங்கியைக் கழற்றி, ஒரு கைப்பிடி நட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டு மூடிக் குலுக்குங்கள், கறள் வராமல் தெளிவாக வருமட்டும் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் புது ராங்கி. சாவியைத் திருப்பினால் எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்கவேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது அல்லது காற்று இழுக்கிறது, அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

2002க்குப் பிறகு ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. பழைய ஹெட்டின் வால்வு இருக்கை அதைப் பழகினது, வேகமாக, பாரத்தோடு ஓட்டினால் மெல்ல உள்வாங்கும். ஹெட்டைக் கழற்றியிருந்தால் லேத் பட்டறையில் கடினமான இருக்கை போட்டுவிடுங்கள், கழற்றவில்லை என்றால் நிதானமாக ஓட்டி, சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருதரம் வால்வு இடைவெளியைப் பாருங்கள்.

றேடியேற்றருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்தல் அடியில் படிகிற அந்த வெள்ளைச் சுண்ணாம்பு றேடியேற்றர்க் குழாயிலும் படியும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீரோடு கூலன்ற் கலந்து விடுங்கள்.

வயர்

மைனர் பொசிற்றிவ் எர்த். உடம்போடு சேர்கிற தடித்த வயர் பற்றரியின் பொசிற்றிவ் பக்கம் போகவேண்டும். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே பற்றரியைக் கட்டமுன் விசாரித்துப் பாருங்கள். முழுக் காருக்கும் இரண்டே பியூஸ், பல வயர்கள் பியூஸ் இல்லாமலே போகின்றன, எலி கடித்த ஒரு வயர் போதும். நான் வயர்க்கட்டு முழுவதையும் புதிதாகப் போட்டேன், பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு துண்டிக்கும் சுவிச்சும் போட்டேன். 1961க்கு முந்திய காரில் பக்கத்தால் வெளியே வருகிற கைகாட்டி இருக்கும், அதைத் திருத்தி வைத்திருங்கள், ஆனால் கூடவே மின்னுகிற விளக்கும் பூட்டுங்கள், இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கை என்னவென்று தெரியாது.

பெயின்ற், பிறகு ஹூட்

பெயின்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சோளகம் அடிக்கிற மாதங்களில் வெளியில் அடிக்கவேண்டாம், செம்மண் தூசி ஒட்டும். மாரியில் ஈரம். மாசி, பங்குனி நல்லது. படிப்பெட்டிக்குள் மெழுகு கலந்த கறள்தடுப்பு எண்ணெய் அடித்து, அடியில் உள்ள தண்ணீர் வடிகிற துவாரங்கள் பெயின்றால் அடைபடாமல் பாருங்கள்.

ஹூட் கடைசி, ஏனென்றால் அதன் இழுவை உடம்பு நேராக நிற்பதைப் பொறுத்தது. உடம்பு தொய்ந்திருக்கும்போது தைத்த ஹூட் உடம்பு நேரானதும் எட்டாது. பழைய ஹூட் கந்தலாக இருந்தாலும் எறியாதீர்கள். குஷன் கடைக்கு அதுதான் அளவு. வெட்டாமல் தையலைப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் இடது, வலது, முன், பின் என்று எழுதுங்கள். றெக்சினில் தைப்பதானால் வாகன ஹூட்டுக்கான துணி பின்னிய வகையைக் கேளுங்கள், கதிரைக்குப் போடுகிற மெல்லிய றெக்சின் எங்கள் வெயிலுக்கு இரண்டு வருடம் தாங்காது. நூலும் வெயிலுக்குத் தாங்குகிற பொலியெஸ்ரர் நூலாக இருக்கட்டும். சட்டத்தின் பிணைச்சல்களைச் சுத்தம்செய்து, மரத்துண்டில் கறையான் இருந்தால் புதிதாகச் செதுக்கிப் போடுங்கள், பாலை வேண்டாம், ஆணி இறங்காது.

பூட்டுவதை நல்ல வெயில் மத்தியானத்தில் செய்யுங்கள். துணி இளகி இருக்கும்போது முன்பக்கம் இழுத்துக் கவ்வினால் பின்னேரம் தானாக விறைத்துக்கொள்ளும். பூட்டி முடிந்ததும் ஒருவர் உள்ளே இருக்க, ஒருவர் வாளியால் தண்ணீர் ஊற்றுங்கள், கம்பளம் போடமுன். எங்கே ஒழுகுகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் அடையாளம் போடுங்கள். கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், படிப்பெட்டிப் பக்கம் தேங்காமல் வடிந்தால் போதும். நனைந்த ஹூட்டை ஒருபோதும் மடிக்கவேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். காரை நிறுத்தி வைக்கும்போது ஹூட்டை விரித்தே விடுங்கள், மடிப்புக்குள் எலி குடியேறாது.

முதல் ஓட்டம்

வளவுக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் பத்துத் தரம் எடுத்து, பிறேக்கை மட்டும் பாருங்கள். அடுத்தநாள் வயல் வீதியில் இரண்டு கிலோமீற்றர். காப்புறுதி, புகைச் சான்றிதழ், வருமானப் பத்திரம் கையில் வந்த பிறகே ஏ9. திரும்பி வந்ததும் சில்லு நட் இறுக்கி, ஒயில் பார்த்து, கீழே புதிதாக எதுவும் சொட்டுகிறதா என்று ஒரு காட்போட்டைப் போட்டு வையுங்கள்.

நான் முதல் நீண்ட ஓட்டத்துக்குக் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் முறிகண்டிப் பிள்ளையார் கோயில்வரை போனேன். அந்த வீதியால் போகிற எந்த வாகனமும் பிள்ளையாரடியில் நிற்கும், ஆகவே சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. தேங்காய் அடிக்கமுன் நான்கு சில்லுக்கும் பக்கத்தில் குந்தி, சில்லின் நடுவில் புறங்கையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். மூன்று இளஞ்சூடு. வலது பின்சில்லு கை வைக்க முடியாத சூடு. ஹாண்ட்பிறேக் கேபிள் உள்ளே இறுகி, இறக்கினாலும் முழுசாக விடவில்லை. கேபிளைத் தளர்த்தி அரை மணித்தியாலம் ஆறவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் திரும்பி வந்தேன். அடுத்த கிழமை புதுக் கேபிள் போட்டேன். நீங்களும் முதல் ஐநூறு கிலோமீற்றருக்கு எங்கே நிறுத்தினாலும் நான்கு சில்லையும் அப்படித் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பிறேக் ஒட்டுகிறது, அல்லது பெயாறிங் போகிறது, ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று விடவேண்டாம்.